எட்டுப் போடும் வித்தையும் முதல் வண்டியும்

ஸ்டாண்டை எடுத்துவிட்டுக் கையையும் விட்டால் ஒரு விநாடிகூட நில்லாமல் சாய்ந்துவிடும் மோட்டார் சைக்கிள், சாலையில் ஓடத் தொடங்கிய பிறகு, கணவன், மனைவி, இடையில் குழந்தை, பக்கவாட்டில் காய்கறிப் பை என்று எத்தனை பாரத்தை ஏற்றினாலும் விழாமல் சென்றுகொண்டே இருப்பதை நாம் தினந்தோறும் காண்கிறோம். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதனாலேயே இதிலுள்ள அதிசயம் நம் கருத்தில் படுவதில்லை. ஆனால், எல்.எல்.ஆர். எடுத்துக்கொண்டு முதன்முதலாக வண்டியின்மீது ஏறி உட்காரும் பதினெட்டு வயது இளைஞனுக்கும், பிள்ளைகள் வளர்ந்து தலையெடுத்த பிறகு தானும் கற்றுக்கொண்டால் என்ன என்று துணியும் தாய்க்கும், இக்கேள்வி உடனே எழுந்துவிடுகிறது: இது எப்படி விழாமல் போகிறது? நான் ஓட்டினால் விழுமா, விழாதா?

புதிதாகக் கற்பவர் எவரும் அஞ்சுவது வேகத்திற்கே. அப்படியிருக்க, ஆர்.டி.ஓ. அலுவலகத்து மைதானத்தில் நிற்கும் ஆய்வாளர் அவரை வேகமாக ஓட்டிக் காட்டும்படி கேட்பதில்லை; தரையில் காலை ஊன்றாமல், எட்டு என்னும் எண்ணின் வடிவத்தில், மெல்ல மெல்ல வண்டியை வளைத்துக்கொண்டு வரும்படிதான் கேட்கிறார். ‘எட்டுப் போட்டுவிட்டாயா?’ என்ற கேள்விக்கு நம் ஊர்களில் உரிமம் கிடைத்துவிட்டதா என்பதே பொருள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நேர்ச்சாலையில் தங்குதடையின்றிச் செல்லும் ஒருவர், நடையளவு வேகத்தில் இந்த எட்டைப் போடும்போது தடுமாறிக் காலை ஊன்றிவிடுவது ஏன்? இதற்கு விடை காண முயன்றால், முதல் வண்டியாக எதை வாங்கலாம் என்ற கேள்விக்குரிய விடையும் அதனுடனேயே வந்து சேர்வதைக் காணலாம்.

மரச்சட்டத்து முன்னோடி

1885-ஆம் ஆண்டில், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரையடுத்த கான்ஸ்டாட் என்ற ஊரில், கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் தாங்கள் புதிதாக அமைத்த சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சோதித்துப் பார்க்கும் பொருட்டு, மரச்சட்டத்தினால் ஒரு வண்டியைச் செய்து அதில் அதனைப் பொருத்தினார்கள். எஞ்சினின் கொள்ளளவு 264 சி.சி.; சக்தியோ அரைக் குதிரைத்திறன்; வண்டி ஓடிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்று சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்ட இந்த வண்டியின் படத்தைக் கூர்ந்து நோக்கினால், இருபுறமும் ஒவ்வொரு சிறு சக்கரம் இருப்பது தெரியும். இன்று குழந்தைகளின் சைக்கிளில் பொருத்துகிறோமே, அதே துணைச் சக்கரங்கள்தாம்.

அந்த மேதைகளின் நோக்கம் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பதே ஆதலால், வண்டியின் சமநிலையைப் பற்றி அவர்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை. இன்றைய வண்டிகளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்து நிற்க, டைம்லரின் வண்டியிலோ அதன் திரும்பும் அச்சு செங்குத்தாக நின்றது. அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாட்டில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது.

விழும் பக்கமே திரும்புதல்

ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொள்ளக்கூடிய இடத்தை ‘எடை மையம்’ என்று கூறுவோம். அம்மையத்திலிருந்து தொங்கவிட்ட தூக்குக்குண்டின் நூல், பொருள் தரையைத் தொடும் பரப்பிற்குள் விழுந்தால் பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் சாயும். மேசைக்கு நான்கு கால்களுக்கு இடைப்பட்ட பரப்பு முழுவதும் தளமாக இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கோ இரு டயர்களும் தரையைத் தொடும் இடங்களை இணைக்கும் குறுகிய கோடு ஒன்றே தளம். ஆகையால் ஓடும் வண்டி விழாமல் நிற்பதற்கு ஒரே வழிதான் உண்டு: எடை மையம் எந்தப் பக்கம் நகர்கிறதோ, அந்தப் பக்கத்திற்கு அக்கோட்டையும் நகர்த்திக்கொண்டே இருப்பது. உள்ளங்கையில் நீண்ட கம்பை நிறுத்தி விளையாடும் சிறுவன், கம்பு இடப்புறம் சாய்ந்தால் கையையும் இடப்புறமே கொண்டுசென்று அதன் அடியில் சேர்ப்பதைப் போல, வண்டி இடப்புறம் சாய்ந்தால் ஹேண்டில்பாரை இடப்புறமே சிறிது திருப்ப, சக்கரங்கள் எடை மையத்தின் அடியில் வந்து சேர்ந்து வண்டியை நிமிர்த்துகின்றன.

இவ்வாறு திருப்புவதை ஓட்டுபவர் மட்டுமே செய்வதில்லை. வண்டியும் தானாகவே செய்கிறது. நம்பாதவர்கள் வீட்டிலுள்ள ஒரு சைக்கிளின் சீட்டை மட்டும் பிடித்துக்கொண்டு அதனை இடப்புறம் சாய்த்துப் பார்க்கலாம்; யாரும் தொடாமலே ஹேண்டில்பார் இடப்புறம் திரும்பிக்கொள்ளும். முன் ஃபோர்க்கின் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டியதாகப் பாவித்தால், டயர் தரையைத் தொடும் இடம் அந்தக் கோட்டிற்குச் சில அங்குலம் பின்னே இருக்கும். இந்த இடைவெளியைப் ‘பின்தங்கு தூரம்’ என்று பெயரிட்டு அழைக்கலாம். சைக்கிளின் முன்சக்கரம் சாயும் பக்கமே திரும்புவதற்கு ஒரு முக்கிய காரணம் இதுவே. டைம்லரின் வண்டியில் பின்தங்கு தூரம் இல்லை.

சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் மாற்றிக்கொள்ள விரும்பாது என்பதும், அதனைச் சாய்த்தால் அது திரும்ப முனையும் என்பதும் உண்மையே. பம்பரத்தை நிறுத்துவதும் இக்குணமே ஆதலால், இதனைச் ‘சுழல்நிலைப்பு’ எனலாம். வண்டி விழாமலிருப்பதற்கு இதுவே முழுக் காரணம் என்று பலரும் நெடுங்காலம் நம்பிவந்தார்கள். 1970-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ரசாயன அறிஞர், தம் சைக்கிளின் முன்சக்கரத்தருகே எதிர்த்திசையில் சுழலும் மற்றொரு சக்கரத்தைப் பொருத்தி, சுழல்நிலைப்பை ஏறக்குறைய ரத்துசெய்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். அதிகச் சிரமமின்றி ஓட்ட முடிந்தது. 2011-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் ஆகிய சர்வகலாசாலைகளைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், சுழல்நிலைப்பும் பின்தங்கு தூரமும் இரண்டுமே உதவாத ஒரு சிறு வண்டியை, எடைப் பங்கீட்டை மட்டும் தக்கபடி அமைத்துச் செய்து, தள்ளிவிட்டார்கள். ஆளில்லாத அந்த வண்டியும் தானே நிமிர்ந்து ஓடியது. ஆகவே, காரணங்கள் பல ஒன்றுகூடி இயங்குகின்றன என்பதே இன்றைய முடிபு. எக்காரணம் பற்றித் திரும்பினாலும், சாயும் பக்கம் திரும்புவதே வண்டியைக் காக்கிறது என்பதில் மட்டும் ஐயமில்லை.

வேகம் தரும் உதவி

இனி வேகத்தின் பங்கைப் பார்ப்போம். வளைந்து செல்லும் வாகனத்தில் உள்ளவர்களை வெளிப்புறமாகத் தள்ளுவது போன்ற ஓர் உணர்ச்சி பஸ்ஸில் சென்ற எல்லோருக்கும் அனுபவம். சாயும் பக்கம் வண்டி வளையும்போது அந்தத் தள்ளுதலே வண்டியை நிமிர்த்துகிறது. இது வேகத்துக்கு நேர்விகிதத்தில் வளர்வதன்று. வேகம் இரு மடங்கானால் தள்ளுதல் நான்கு மடங்காகிறது, மும்மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. அதாவது, மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்லும்போது ஹேண்டில்பாரை இம்மியளவு திருப்பினால் கிடைக்கும் நிமிர்த்தும் விசையைப் பெற, 10 கிலோமீட்டரில் செல்பவர் அதைப்போல் ஒன்பது மடங்கு கூர்மையாக வளைய வேண்டும். வேகமாகச் செல்பவரின் கைகள் செய்யும் திருத்தங்கள் அவருக்கே தெரியாத அளவு சிறியவை. மெதுவாகச் செல்பவரின் திருத்தங்களோ பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும்படி பெரியவை. எட்டுப் போடும்போது ஹேண்டில்பார் இடமும் வலமும் ஆடுவதன் ரகசியம் இதுதான்.

வேகம் விழாமல் காக்கிறது என்றால் வேகமே பத்திரம் என்று யாரும் கொள்ளலாகாது. சமநிலை ஒன்று, மோதாமல் நிறுத்துவது வேறொன்று. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இடத்தே செல்ல வலத்தே திருப்புதல்

இங்கே மற்றொரு விசித்திரத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். இடப்புறம் வளைய வேண்டுமானால் வண்டி முதலில் இடப்புறம் சாயவேண்டும். அப்படிச் சாய்வதற்குச் சக்கரங்கள் ஒரு கணம் வலப்புறம் விலகவேண்டும். ஆகவே, ஓரளவு வேகத்தில் செல்லும் எந்த இருசக்கர வண்டியும் இடப்புறம் திரும்பும் முன்னர் ஹேண்டில்பார் மிகச் சிறிதளவு வலப்புறம் திரும்புகிறது. இதனை ‘எதிர்த்திருப்பம்’ எனலாம். ஆகாய விமானம் கண்ட ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர், சைக்கிள் வியாபாரியாகவும் இருந்தவர். இடப்புறம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று பல சைக்கிள் ஓட்டிகளைக் கேட்டுப் பார்த்து, இந்த முதல் அசைவை அவர்களில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை என்று கண்டார். கைகள் அறிந்ததை மனம் அறியவில்லை.

அன்றாட வாழ்வில் இதை அறியாமலே ஓட்டலாம். ஆனால் திடீரென்று ஒரு நாய் குறுக்கே பாயும்போதோ, நின்ற காரின் கதவு திறக்கும்போதோ, போகவேண்டிய பக்கத்துக் கைப்பிடியை முன்னோக்கி அழுத்தினால் வண்டி அந்தப் பக்கம் சட்டென்று சாய்ந்து விலகும் என்பதை முன்பே பழகியிருப்பவருக்கு, அந்த அரை விநாடி வீணாகாது.

எட்டின் வழியே ஒருமுறை

இப்பொழுது மைதானத்துக்குத் திரும்பி, எட்டைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். முதல் கியரில், ஆக்ஸிலேட்டரைச் சிறிதளவு முறுக்கி ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு, கிளட்ச்சை முழுவதும் விடாமலும் முழுவதும் பிடிக்காமலும், நம் மெக்கானிக்குகள் ‘ஹாஃப் கிளட்ச்’ என்று சொல்லும் இடைநிலையில் வைத்து வண்டியை நகர்த்த வேண்டியிருக்கிறது. கிளட்ச்சினுள் உள்ள தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து வழுக்கிக்கொண்டே சுழல்வதால், எஞ்சின் தன் வேகத்தில் ஓட, சக்கரம் அதனினும் குறைந்த வேகத்தில் உருள முடிகிறது. கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் வண்டி குதித்து ஆஃப் ஆகிவிடும். முழுவதும் பிடித்தால் இழுப்பு அற்று வண்டி வேகம் இழந்து சாயும். இடக்கையின் நான்கு விரல்கள் இந்த ஒரு சிறு இடைவெளியைக் கண்டுகொள்வதற்கே கற்பவருக்கு முதல் சில நாட்கள் செலவாகின்றன. அந்த நாட்களை வீண் என்று எண்ணலாகாது. பின் பிரேக்கை வலக்காலால் இலேசாக அழுத்தியபடியே செல்வது வண்டியின் ஓட்டத்தைச் சீராக்கும்.

எட்டின் முதல் வட்டத்தில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, இரண்டாவதில் மறுபக்கம். இரு வட்டங்களும் சந்திக்கும் நடுவிடத்தில், ஒரு சாய்விலிருந்து மறு சாய்வுக்கு மாறும் வழியில், ஒரு கணம் நேராக நிமிர்கிறது. பெரும்பாலோர் காலை ஊன்றுவது அந்த இடத்தில்தான். காரணம், அங்கே அவர்கள் முன்சக்கரத்தைக் குனிந்து பார்க்கிறார்கள். பார்வை எங்கே செல்கிறதோ அங்கேதான் வண்டியும் செல்லும். தலையைத் திருப்பி, அடுத்த வட்டத்தின் தொலைவிலுள்ள விளிம்பை நோக்கினால், கைகள் தாமே அதற்குரியதைச் செய்துகொள்கின்றன. மெதுவான வளைவில் உடம்பை வெளிப்புறமாகச் சிறிது சாய்த்து, வண்டியை மட்டும் உள்ளே சாயவிட்டால், இன்னும் குறுகிய வட்டத்தில் திரும்பலாம்.

பரீட்சைக்காக மட்டுமே இதைக் கற்று மறந்துவிடுவோர் பலர். ஆனால் தி. நகரிலோ மதுரை மாசி வீதிகளிலோ வண்டி ஓட்டுபவர் நாள் முழுவதும் செய்வது இதைத்தானே! முழு வேகத்தில் செல்லும் நேரம் சொற்பம். நகர்ந்து, நின்று, வளைந்து, பின்னுக்குத் தள்ளி, மறுபடியும் நகரும் நேரமே அதிகம். முதல் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நம் மனம் இந்த மெதுவான வேலைகளின் மீதே நிற்க வேண்டும்.

சாயும் வண்டியின் கணக்கு

இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, நாடெங்கும் காணப்படும் 100 சி.சி. வகையைச் சேர்ந்த ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ். எடை 112 கிலோ, சீட்டின் உயரம் 785 மில்லிமீட்டர். மற்றொன்று, இளைஞர் பலர் முதல் வண்டியாகவே வாங்க ஆசைப்படும் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. எடை 195 கிலோ, சீட்டின் உயரம் 805 மில்லிமீட்டர். இரண்டிலும் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், நாம் பிடிக்கும் ஹேண்டில்பார் ஒரு மீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கணக்கின் சௌகரியத்திற்காக வைத்துக்கொள்வோம்.

வண்டியைப் பக்கத்தில் நின்று பிடித்திருக்கிறோம். நேராக நிற்கும்போது நாம் தாங்கவேண்டியது ஒன்றுமில்லை. ஒரு விரல் போதும். பத்துப் பாகை சாய்ந்தால் எடை மையம் டயர்க் கோட்டிலிருந்து சுமார் 9 சென்டிமீட்டர் விலகிவிடுகிறது. 112 கிலோ அந்த 9 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து கவிழ்க்கப் பார்க்க, நம் கை 100 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து தடுக்கிறது; ஆகவே 10 கிலோ எடைக்கு நிகரான விசையைக் கை தரவேண்டும். கனமான வண்டிக்கு அதே சாய்வில் 17 கிலோ. இருபது பாகையில் விலகல் 17 சென்டிமீட்டர். முன்னதற்கு 19 கிலோ, பின்னதற்கு 33 கிலோ. முப்பது பாகையில் 28 கிலோவும், 49 கிலோவும்!

இக்கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாய்வு சிறியதாக இருக்கும்வரை இரு வண்டிகளுக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் பொருட்டாகத் தோன்றாது. ஷோரூமில் ஏறி உட்கார்ந்து பார்ப்பவருக்குக் கனமான வண்டியும் இலகுவாகவே இருக்கும். சாய்வு வளர வளர, தாங்கமுடிந்த எல்லையைத் தாண்டிவிடும் கணம் திடீரென்று வந்துவிடுகிறது. இலகுவான வண்டியில் முப்பது பாகை சாய்ந்தபிறகும் ஒருவர் இழுத்து நிமிர்த்திவிடலாம். கனமான வண்டியில் இருபது பாகையிலேயே மெலிந்த உடம்புக்காரர் தோற்றுவிடுவார்.

இப்போது சீட்டின் உயரத்தையும் இதனோடு சேர்த்துப் பார்ப்போம். உட்கார்ந்திருப்பவரின் பாதம், டயர்க் கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தள்ளித் தரையைத் தொடும். அவருக்குக் கால் 5 சென்டிமீட்டர் எட்டவில்லை என்றால், பாதம் தரையில் படிவதற்கு வண்டி பத்துப் பாகை சாய்ந்தாக வேண்டும். அதாவது, ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கும்போது, மேலே கண்ட 10 கிலோவையோ 17 கிலோவையோ, தன் உடம்பின் பாரத்தோடு சேர்த்து, அவர் தாங்கியபடிதான் நிற்கிறார். கால் ஊன்றிய இடத்தில் சிறு பள்ளமோ மணலோ இருந்துவிட்டால் சாய்வு இன்னும் கூடுகிறது. இரு பாதங்களும் தரையில் படியும் வண்டியில் இந்தப் பாரமே இல்லை. ஆதலால், குட்டையானவர் இரண்டு அங்குலம் தாழ்ந்த சீட்டைத் தேடுவதைப் பிறர் பரிகசித்தாலும், அவர் தேடுவது மிக நியாயமான ஒன்று.

எஞ்சினின் குணம்

‘எத்தனை சி.சி.?’ என்பதே வண்டியைப் பற்றிக் கேட்கப்படும் முதல் கேள்வி. சி.சி. என்பது எஞ்சினின் உருளைக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கொள்ளளவு, அவ்வளவே. ஓர் எஞ்சின் சாதுவா முரடா என்பதை அதுமட்டும் சொல்லிவிடாது.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டுடன் கூட்டுச்சேர்ந்து, திருவொற்றியூரில் செய்யத் தொடங்கிய 350 சி.சி. புல்லட் வண்டியை இதற்கு நல்ல உதாரணமாகக் கூறலாம். அதில் உருளையின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90 மில்லிமீட்டர். இத்தகைய நெடிய ஓட்டமுள்ள எஞ்சின், கனத்த ஃப்ளைவீலுடன் சேர்ந்து, குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும். கிளட்ச்சைச் சற்று முரட்டுத்தனமாக விட்டாலும் சட்டென்று ஆஃப் ஆகாது. கொள்ளளவில் அதில் பாதிக்கும் குறைந்த 155 சி.சி. யமஹா ஆர்15, தன் முழுச் சக்தியை நிமிஷத்துக்கு 10,000 சுற்றுகளில்தான் வெளிப்படுத்துகிறது. அதன் பிக்கப்பை அனுபவிக்க ஆக்ஸிலேட்டரை நன்கு முறுக்கியாக வேண்டும். கற்பவரின் நடுங்கும் கைக்கு இக்குணம் உகந்ததன்று. புல்லட்டின் எஞ்சின் சாது; உடம்போ பாரம். ஆர்15-இன் உடம்பு அவ்வளவு பாரமில்லை, 142 கிலோதான். ஆனால் சீட்டு 815 மில்லிமீட்டர் உயரம்; ஹேண்டில்பாரும் தாழ்ந்திருப்பதால் ஓட்டுபவர் குனிந்து செல்ல நேர்கிறது. எஞ்சினும் சாதுவாக, உடம்பும் இலகுவாக, சீட்டும் தாழ்வாக உள்ளவை 100 முதல் 125 சி.சி. வரையிலான சாதாரண வண்டிகளே. அழகில் அவை குறைந்தவையாகத் தோன்றலாம். கற்கும் காலத்தில் அவற்றை மிஞ்சிய ஆசிரியர் இல்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கியரும் கிளட்ச்சும் ஒருசேர மிரட்டுகின்றன என்றால், கியர் இல்லாத ஸ்கூட்டரிலோ டி.வி.எஸ். எக்ஸ்.எல். போன்ற மொபெட்டிலோ சமநிலையை முதலில் பழகிக்கொண்டு, கிளட்ச்சைப் பின்னர்க் கற்பதும் நல்ல முறையே. ஆனால் கியர் இல்லாத வாகனத்துக்குப் பெற்ற உரிமம் கியர் வண்டிக்குச் செல்லாது என்பதை மறக்கலாகாது.

நிறுத்தும் சக்தி

பிரேக்கைப் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சரிகிறது; முன் ஃபோர்க் அமிழ்வதைக் கண்ணாலேயே காணலாம். முன்டயர் தரையில் அழுந்த, பின்டயர் இலேசாகிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது. ‘முன் பிரேக்கைத் தொடாதே, கவிழ்ந்துவிடுவாய்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கும் உபதேசம், மணலிலும் வளைவிலும் பொருந்துமேயன்றி, நேரான தார்ச்சாலையில் பேராபத்தானது. பாரம் முன்னே சரிவதற்குச் சிறிது அவகாசம் தந்து, முதலில் மெல்லவும் பிறகு வலுவாகவும் பிடிப்பதே சரியான முறை.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவர், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை அவ்வவ்விடத்திற்கே சென்று ஆராய்ந்து, 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் முறையான பயிற்சி இல்லாமல், தாமாகவோ, உறவினர் நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். ஆபத்து வேளையில் அவர்கள் பின் பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்திச் சறுக்கினார்கள்; முன் பிரேக்கைப் போதிய அளவு உபயோகிக்கவில்லை. எதிர்த்திருப்பத்தால் விலகும் திறமையோ அவர்களிடம் ஏறக்குறைய இல்லவே இல்லை. இவற்றினும் என்னை அதிகமாகச் சிந்திக்கவைத்த செய்தி மற்றொன்று: அவர்களுக்குச் சாலை அனுபவம் சராசரியாக மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைய இருந்தும், பாதிப்பேருக்கு மேற்பட்டோர் விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதங்கள்கூட ஆகவில்லை. வண்டி மாறினால் எடையும், பிரேக்கின் பிடிப்பும், கிளட்ச்சின் இடைநிலையும் எல்லாம் மாறிவிடுகின்றன. பழைய வண்டியில் பழகிய கை, புதியதில் அந்நியனாகிறது.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பும், அதற்குட்பட்டவற்றுக்கு ஒரு பிரேக்கை அழுத்தினால் மற்றதும் சேர்ந்து பிடிக்கும் இணைப்பு பிரேக்கும் கட்டாயமாக்கப்பட்டன. பழைய வண்டி வாங்குபவர் இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பழைய வண்டியின் பரீட்சை

கற்கும் காலத்தில் வண்டி இரண்டொரு தடவை கீழே விழுவது இயல்பு. ஆதலால், முதல் வண்டி செகண்ட் ஹேண்டாக இருப்பதில் யாதொரு குறைவும் இல்லை. கீறல் விழுந்தால் மனம் பதறாது. ஆனால் வாங்கும் முன் அதனைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு, ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். நேர்நிலையில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் சிக்கினால் உள்ளிருக்கும் பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். சாயும் பக்கம் சக்கரம் தடையின்றித் திரும்புவதே சமநிலைக்கு உயிர் என்பதை மேலே கண்டோமாகையால், இந்தச் சிறு குறை வண்டியைப் பாம்புபோல் நெளியவைக்கும். செயினை மாட்டும் பற்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் ஒருபக்கமாக வளைந்திருக்கின்றனவா என்றும், ஃபோர்க்கில் எண்ணெய் கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் அந்த டயர் செய்யப்பட்டது என்று அறியலாம். மேற்பரப்பில் கோடுகள் ஆழமாகத் தெரிந்தாலும், ஆண்டுகள் பல சென்ற ரப்பர் இறுகி, ஈரச்சாலையில் பிடிப்பை இழந்திருக்கும். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்து, கடன் பாக்கி ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று கண்டு, பெயர் மாற்றத்துக்குரிய 29, 30-ஆம் எண் படிவங்களில் விற்பவரின் கையொப்பத்தைப் பெற்ற பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

தலைக்கு ஒரு பங்கு

அரபு நாடுகளில் போர்புரிந்து புகழ்பெற்ற பிரிட்டிஷ் வீரர் டி. இ. லாரன்ஸ், 1935 மே மாதம், சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள்மீது மோதாமல் விலக முயன்று தம் பிரஃப் சுப்பீரியர் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, தலையில் அடிபட்டு, ஆறு நாட்களில் காலமானார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களில் ஒருவரான ஹ்யூ கெய்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர், அந்த மரணத்தை மறக்கமுடியாமல், மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களைப் பற்றித் தொடர்ந்து ஆராய்ந்து, தலைக்கவசத்தின் அவசியத்தை 1941-இல் ஒரு மருத்துவ சஞ்சிகையில் விளக்கினார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதனைக் கட்டாயமாக்கியது.

வண்டிக்கு ஒதுக்கும் பணத்திலேயே தலைக்கவசத்துக்கும் ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், ஐ.எஸ். 4151 என்ற தர எண்ணும் அதில் இருக்க வேண்டும். அணிந்து பட்டியைப் பூட்டியபின் தலையை வேகமாக அசைத்தால், கவசம் தலையோடு சேர்ந்தே அசைய வேண்டும். தனியாக வழுக்கக் கூடாது. வெளிப்புற ஓடு பார்வைக்கு முக்கியமாகத் தோன்றினாலும், அடியை ஏற்றுக்கொள்ளும் பெரும்பணியைச் செய்வது அதனுள் இருக்கும் வெண்ணிற நுரைப்பலகையே. மோதும்போது அது நசுங்கி, அந்த நசுங்குதலிலேயே அடியின் சக்தியைச் செலவழித்து, தலை நிற்கும் அவகாசத்தை நீட்டிக்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் எழும்புவதில்லை. ஆகையால், ஒரு விபத்தைச் சந்தித்த கவசம் வெளியே கீறலின்றிப் புதிதுபோல் இருந்தாலும், அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை வாங்கவேண்டும். செகண்ட் ஹேண்டாக வண்டியை வாங்கலாம், தலைக்கவசத்தை வாங்கலாகாது.